அரசுப் பள்ளி மாறுவதும் இலவசத் தனிப்பயிற்சி கேட்டுப் பெறுவதும்

பிள்ளையை வேறொரு அரசுப் பள்ளிக்கு மாற்ற விரும்பும் பெற்றோர் முதலில் அறிய வேண்டியது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, எட்டாம் வகுப்புவரை அந்த உரிமையை வழங்குகிறது என்பதைத்தான். மாற்றுச் சான்றிதழைத் தலைமையாசிரியர் உடனே தர வேண்டும். அது தாமதமானாலும், புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. செங்கல் சூளையில் பருவம் முடிந்து, நெகிழிப் பைக்குள் குடும்ப அட்டையை மட்டும் சுருட்டி வைத்துக்கொண்டு ஊர் திரும்பும் தாய்க்கு இந்த ஒரு வரி எவ்வளவு பெரிய துணை! வயதுச் சான்று இல்லை என்பதும் மறுப்பதற்குக் காரணமாகாது.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முன், வேலை நாளொன்றில் நேரில் சென்று, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தடுமாறாமல் வாசிக்கிறார்களா என்று பாருங்கள். சுவரின் வண்ணப்பூச்சைவிட அவையே உண்மையைச் சொல்லும் என்பது என் எண்ணம்.

படிப்பு இடையில் நின்றிருந்தால், பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பிலேயே சேர்த்து, மற்றவர்களுக்கு இணையாக வருவதற்கான சிறப்புப் பயிற்சியையும் கட்டணமின்றி அளிக்க வேண்டும் என்கிறது 4ஆம் பிரிவு. இதைச் சேர்க்கை நாளிலேயே கேளுங்கள். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வியின் மாலை வகுப்பு அருகில் நடக்கிறதா என்பதையும் தலைமையாசிரியரிடம் விசாரியுங்கள்.