வைப்புத்தொகை வேறு, பங்கு வேறு: சந்தை சரியும்போது நேரும் தவறுகள்

கரூரில் 1926இல் தொடங்கப்பட்ட லட்சுமி விலாஸ் வங்கி, வாராக்கடன் பெருகி மூலதனம் கரைந்த நிலையில், 2020 நவம்பர் 17 அன்று தடைக்கு உள்ளானது. கணக்கு வைத்திருந்த ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று அறிவிக்கப்பட்டதும், பலர் தங்கள் சேமிப்பே போய்விட்டது என்று கலங்கினார்கள். பத்தே நாளில் அது டிபிஎஸ் வங்கியின் இந்திய நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. வைப்பாளர்களின் பணம் முழுவதும் காப்பாற்றப்பட்டது. பங்குதாரர்களுக்கு ஒரு காசும் மிஞ்சவில்லை. வைப்புத்தொகை என்பது வங்கி நமக்குத் திருப்பித் தரவேண்டிய கடன் என்பதையும், பங்கு என்பது அதன் நட்டத்தை முதலில் தாங்க நாம் ஒப்புக்கொண்ட பொறுப்பு என்பதையும் மறந்து, இரண்டையும் ஒன்றாக எண்ணுவதே மிகப் பரவலான தவறு.

விலை இறங்கிய பங்கு எதுவானாலும் ஒருநாள் ஏறிவிடும் என்று நம்புவது இதைவிட ஆபத்தானது. 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் 3,934 புள்ளிகள் சரிந்த, மும்பைப் பங்குச்சந்தையின் குறியீடான சென்செக்ஸ், நவம்பருக்குள் பழைய உச்சத்தைக் கடந்தது. லட்சுமி விலாஸ் பங்கு மதிப்பற்றுப் போனதும் அதே நவம்பரில்தான். குறியீட்டில் முப்பது நிறுவனங்கள் இருக்கின்றன, நலிந்தவற்றை நீக்கி வேறு நிறுவனங்களைச் சேர்க்கிறார்கள். தனியொரு வங்கியின் பங்குக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே, நம்மூர் வங்கிதானே என்ற பாசத்தில், சராசரி விலையைக் குறைப்பதற்காக மேலும் மேலும் வாங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

குறியீடும் எப்போதும் விரைந்து மீள்வதில்லை. 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ் அக்டோபரில் 8,000க்கும் கீழே போய், மீண்டும் 21,000ஐ எட்ட 2010 நவம்பர் ஆயிற்று. அடுத்த ஆண்டு கல்லூரிக்குக் கட்டவேண்டிய பணம் சந்தையில் இருக்கக் கூடாது.

சரிவுக்கு அஞ்சி விற்ற பணத்தை, கூடுதல் வட்டி தருகிறார்கள் என்பதற்காக மட்டும் ஒரு கூட்டுறவு நிறுவனத்தில் மொத்தமாகப் போடுவதும் தவறே. கூட்டுறவு நகர வங்கிகளிலும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளிலும் உள்ள வைப்புகளுக்கு வைப்புத்தொகைக் காப்பீடு, அதாவது வங்கி நொடித்தால் ஒரு வரம்புவரை பணம் திரும்பக் கிடைக்கும் உறுதி, உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு அது கிடையாது. இதனால் அச்சங்கங்களின் சேவை குறைந்துவிடாது, அவை இல்லாவிட்டால் பல உழவர்கள் கந்துவட்டிக்குத்தான் போவார்கள். ஆனால் ஓய்வுக்காலப் பணம் முழுவதையும் அங்கே வைப்பவர் இந்த வேறுபாட்டை அறிந்தே வைக்க வேண்டும். உறுப்பினராகச் சேரும்போது செலுத்தும் பங்குத்தொகையும் வைப்பாகக் கருதப்படாது, அதற்கும் காப்பீடு இல்லை.

2020 பிப்ரவரி முதல் காப்பீட்டு வரம்பு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய். ஒரே வங்கியின் மூன்று கிளைகளில் பிரித்துப் போட்டாலும் அவை ஒன்றாகவே கூட்டப்படும். அசலும் வட்டியும் சேர்த்தே இந்த வரம்பு என்பதால், 5 லட்சத்தை அப்படியே போட்டவருக்கு வட்டி காப்பீட்டுக்கு வெளியே நின்றுவிடும். அதற்கு இடம்விட்டு அசலைச் சற்றுக் குறைத்து, மீதியை வேறொரு வங்கியில் வைப்பது நல்லது.