குமரி மாவட்டக் கதைகளை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊர்க்கதைகளைத் தேடி எழுதுகிறவர்கள் இப்போது அதிகமாகியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பாட்டி சொன்ன கதை, தலபுராணம், கொடையில் (ஊர்க்கோயில் திருவிழாவில்) பாடும் வில்லுப்பாட்டு எல்லாவற்றையும் 'நாட்டுப்புறக் கதை' என்று ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

வில்லுப்பாட்டுக்குள்ளேயே இரண்டு வகை உண்டு. விளக்குச் சுடரில் பிறந்த சுடலைமாடனைப் போன்ற தெய்வப்பிறவிகளின் கதை ஒன்று. மனிதராக வாழ்ந்து, அநியாயமாகச் செத்து, அப்புறம் தெய்வமானவர்களின் கதை இன்னொன்று. இவர்களைத்தான் 'வெட்டுப்பட்ட வாதை' என்பார்கள்.

இந்த வேறுபாடு தெரியாததால் அதிகம் பாழாவது இசக்கி கதை. முப்பந்தல் இசக்கியம்மனைப் பற்றி எழுதுகிறவர்கள் இரவு, காடு, வழிமறிக்கும் பெண் என்று பேய்க்கதையாக முடித்துவிடுகிறார்கள். பாட்டில் கதை அங்கே தொடங்குவதில்லை. தன்னை நம்பி மடியில் தலைசாய்த்துத் தூங்கியவளை, நகைக்காகக் கல்லைப் போட்டுக் கொல்கிறான் ஒருவன். மறுபிறவியில் அவள் நீலியாக வருகிறாள். கள்ளிக் கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கொன்றவனைக் காட்டி 'இவர் என் புருஷன்' என்று ஊரார் முன் நியாயம் கேட்கிறாள். அந்தக் கொலையை விட்டுவிட்டுப் பழிவாங்கலை மட்டும் எழுதுவது அவளுக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம். கொடையில் கதை சாவுக்கட்டத்தை நெருங்கும்போதுதான் உடுக்கும் குடமும் வேகமெடுக்கும், சாமியாடிக்கு அருள் வரும். கூட்டம் கும்பிடுவது ஒரு பேயை அல்ல.

தலபுராணத்தில் வேறு தவறு. கன்னியாகுமரி அம்மனைக் கட்டச் சுசீந்திரத்து மாப்பிள்ளையான சிவன் கிளம்பிவர, நடுவழியில் சேவல் கூவ, கல்யாணம் நின்றுபோக, சமைக்க வைத்த அரிசி அங்கே வண்ண மணலானது என்பார்கள். உடனே அது கார்னெட், இல்மனைட் என்ற கனிமங்கள் என்று திருத்தப் போக வேண்டாம். அம்மன் ஏன் கன்னியாகவே நிற்கிறாள் என்பதற்குத்தான் அந்தக் கதை பதில் சொல்கிறது.

வரலாற்றுக் கதைப்பாடல்களில் கவனம் எதிர்த்திசையில் வேண்டும். வேணாட்டு (பிற்காலத் திருவிதாங்கூர்) படைத்தலைவர் இரவிக்குட்டிப் பிள்ளை 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கரின் படையோடு கணியாகுளத்தில் மோதி இறந்தது வரலாறு. கெட்ட கனவு கண்ட வீட்டுப் பெண்கள் அவரைப் போகவிடாமல் தடுப்பது கதைப்பாடலின் வழக்கம். அதை ஆதாரமாகக் காட்டக்கூடாது.

கடைசியாக, ஊருக்கு ஊர் மாறும் வடிவங்களை ஒட்டவைத்து ஒரே 'சரியான' கதையாக்காதீர்கள். நீலி கதை தொண்டை நாட்டுப் பழையனூரிலும் உண்டு. அதில் ஒரு துண்டு, முப்பந்தலில் ஒரு துண்டு என்று எடுத்துச் சேர்த்தால் எந்த ஊரும் பாடாத கதைதான் கிடைக்கும். எந்த ஊர், என்ன சந்தர்ப்பம், வில்லில் பாடியதா, திண்ணையில் சொன்னதா என்பதைக் கதைக்கு மேலேயே குறித்துவிடுங்கள்.