ஒட்டு வெடிக்குமா? றொட் பிடிக்க முன் ஒரு சின்னக் கணக்கு

மாரி காலத்தில் ஒரு லாண்ட்மாஸ்டர் (கை உழவு இயந்திரம்) இழுக்கும் பெட்டியின் அச்சுத்தண்டை வெல்டிங் றொட்டால் ஒட்டினேன். பின்னேரம் பார்த்தால் ஒட்டு நல்ல அழகு. மூன்றாம் நாள் காலை, ஒட்டின் ஓரத்தோடு மயிரிழை போல ஒரு வெடிப்பு. இத்தனைக்கும் பெட்டியில் ஒரு மூட்டைகூட ஏற்றவில்லை.

இதுதான் ஐதரசன் வெடிப்பு. றொட்டின் பூச்சில் உள்ள ஈரம் வெல்டிங் சூட்டில் பிரிந்து, அதன் ஐதரசன் உருகிய உலோகத்துக்குள் போகிறது. பக்கத்து உருக்கு சட்டென்று ஆறிக் கடினமாகி, சுருக்கமும் இழுத்தால் வெடிக்கும். ஐதரசன் மெல்ல நகர்வதால் ஒன்றிரண்டு நாள் பிந்தித்தான் தெரியவரும்.

படி 1: உருக்கை அறியுங்கள். சான்றிதழ் இருந்தால் காபன் சமானத்தை, அதாவது உருக்கு எவ்வளவு எளிதில் கடினமாகும் என்று காட்டும் எண்ணைக் கணக்கிடலாம்: காபன் + மங்கனீசு/6 + (குரோமியம் + மொலிப்தனம் + வனேடியம்)/5 + (நிக்கல் + செப்பு)/15. எல்லாம் சதவீதத்தில். சாதாரணத் தகடு: காபன் 0.18, மங்கனீசு 0.9 என்றால் 0.33. பயமில்லை. அச்சுத்தண்டு: காபன் 0.40, மங்கனீசு 0.8 என்றால் 0.53. 0.40ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும்.

பழைய இரும்புக்குச் சான்றிதழ் எங்கே கிடைக்கும்? கிரைண்டரில் பிடித்துப் பாருங்கள். பொறி நீளக் கோடாக ஓடினால் காபன் குறைவு. நுனியில் மத்தாப்பூப் போலப் பல கிளையாகச் சிதறினால் காபன் அதிகம்.

படி 2: தடிப்புகளைக் கூட்டிக் கணக்கிடுங்கள். சூடு ஓடும் வழிகளை எண்ணவேண்டும். 12 மில்லிமீற்றர் தகடுகளை T வடிவில் ஒட்டினால் மூன்று வழி, 36 மில்லிமீற்றர். தடிப்பு கூடக் கூட ஒட்டு வேகமாக ஆறும், கடினமும் ஏறும்.

படி 3: றொட். நான் பிழைவிட்டது இங்கேதான். முன்பே உடைத்த றொட் பெட்டியில் கிடந்ததை ஒடியல் காயவைப்பதுபோல வெயிலில் போட்டுவிட்டு ஒட்டினேன். அந்தச் சூடு பூச்சுக்குள் பிடித்த ஈரத்துக்குக் காணாது. இப்படியான உருக்குக்கு 7018 என்ற ஐதரசன் குறைந்த றொட்தான் சரி. அதையும் றொட் பெட்டியில் அச்சிட்டிருக்கிறபடி, பொதுவாக 300 முதல் 350 பாகை செல்சியசில் ஒன்றிரண்டு மணித்தியாலம், அடுப்பில் வாட்டவேண்டும். சாதாரண வேலைக்கான 6013 றொட்டை அப்படி வாட்டாதீர்கள். அதன் பூச்சுக்குக் கொஞ்சம் ஈரம் தேவை, பூச்சே கெட்டுவிடும்.

படி 4: முன்சூடு. சமானம் கூட, தடிப்பும் கூட என்றால் ஒட்டும் இடத்தின் இரு பக்கமும் மூன்று அங்குலம்வரை சூடாக்குங்கள். அந்த அச்சுத்தண்டுக்கு 150 பாகைக்குக் குறையாமல் வேண்டியிருந்தது. ஒட்டியபின் தண்ணீர் ஊற்றவே கூடாது. எரியாத போர்வையால் மூடி மெல்ல ஆறவிடுங்கள், வாடைக்காற்றும் படக்கூடாது.

படி 5: பொறுத்துப் பாருங்கள். குறைந்தது 48 மணித்தியாலம் கழித்து, ஒட்டின் ஓரத்தைத் துடைத்து, வெடிப்புக்குள் ஊறும் சிவப்புச் சாயம் அடித்துப் பாருங்கள். ஒட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் வெடிப்பைச் சாயம் காட்டாது; அதற்கு மீயொலிச் சோதனைதான்.