செல்லுலோஸைச் சிதைக்கும் நுண்ணுயிர்: மஞ்சள் வளையத்தை நம்பாதீர்கள்

போன வாரம் ஒரு புராஜெக்ட் மாணவி பெட்ரி தட்டோடு வந்தார். காங்கோ ரெட் என்ற சாயம் ஊற்றி உப்புத் தண்ணீரில் கழுவிய சிவப்புத் தட்டு. வைக்கோலின் செல்லுலோஸைச் சர்க்கரையாக உடைக்க நாங்கள் மரபணு ஏற்றிய ஈ.கோலை பாக்டீரியாக் காலனியைச் சுற்றி வெளிறிய மஞ்சள் வளையம். நொதி சிதைத்த இடத்தில் சாயம் ஒட்டாது. "சார், ஜோன் வந்துடுச்சு. அடுத்து வைக்கோல்தான்" என்றார். பல வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன். அதில் எட்டு மாதம் போயிற்று. பிப்பெட் பிடிப்பது, கிருமி கலக்காமல் பார்ப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. அதை எந்த ஆய்வகத்திலும் சொல்லித் தருவார்கள். இந்த வேலையில் நாம் செய்யும் தவறுகள்தான் கீழே வரும் தலைப்புகள்.

வளையத்திலிருந்து நேராக வைக்கோலுக்குத் தாவுவது

அந்தத் தட்டில் இருப்பது சி.எம்.சி. செல்லுலோஸில் கார்பாக்சிமெத்தில் தொகுதிகளை ஒட்டி, தண்ணீரில் கரைய வைத்த பொருள். கரைந்ததால் சங்கிலிகள் பிரிந்து கிடக்கும். நொதி எளிதாகப் போய்ச் சேரும். வைக்கோலில் அதே சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகிப் படிகமாக இருக்கும். அதற்கு மேல் ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் என்ற வேறு தாவரப் பொருள்கள். நெல் வைக்கோல் என்றால் சிலிக்காவும் உண்டு.

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது அடுத்த விஷயம். வளையம் காட்டுவது எண்டோகுளுக்கனேஸை, அதாவது சங்கிலியை நடுவில் வெட்டும் நொதியை. படிகத்திலிருந்து சங்கிலியை உருவி, முனையிலிருந்து செல்லோபயோஸாக, அதாவது இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த சர்க்கரையாக, நறுக்கிக்கொண்டே போவது செல்லோபயோஹைட்ரோலேஸ். சி.எம்.சி.யில் ஒட்டியிருக்கும் தொகுதிகள் அதை வழிமறிக்கும். வளையம் அநேகமாக வராது. டிரைக்கோடெர்மா ரீசை பூஞ்சை வெளிவிடும் புரதத்தில் ஏறக்குறையப் பாதி இந்த வகையில் ஒரே ஒரு நொதிதான். வளையம் பார்த்துக் காலனி பொறுக்கும்போது, வைக்கோலுக்கு மிகவும் தேவையானதை நாமே கழித்துவிடுகிறோம்.

அந்தப் பூஞ்சை கிடைத்த கதையும் இதைத்தான் சொல்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் கூடாரத் துணி மட்கிப் போனது. அதிலிருந்து பிரித்தெடுத்த இனம் அது. நிஜப் பருத்தியைத் தின்று காட்டிய பிறகே ஆய்வகத்துக்குள் வந்தது.

நான் பேசில்லஸ் பாக்டீரியாவின் எண்டோகுளுக்கனேஸ் மரபணுவை ஈ.கோலையில் ஏற்றியிருந்தேன். மரபணுவை முடுக்கிவிடும் புரொமோட்டரை மாற்றினேன், நொதியை வெளியே அனுப்பும் சிக்னல் வரிசையை மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் வளையம் கொஞ்சம் அகன்றது. அப்புறம் வைக்கோலில் 72 மணி நேரம் வைத்து, சர்க்கரையை அளக்கும் டி.என்.எஸ். சோதனை பார்த்தால், நொதியே போடாத குடுவையின் அளவுதான் இதிலும். 1 செ.மீ. அகலம், 6 செ.மீ. நீளத்தில் ஒரு வாட்மேன் 1 வடிதாள் துண்டை முதல் வாரமே சோதனைக் குழாயில் போட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். வடிதாள்கூட வைக்கோல் ஆகாது, லிக்னின் இல்லாத சுத்தமான செல்லுலோஸ் அது. அதிலேயே சர்க்கரை வராத நொதியை வைக்கோலுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

நொதி போடாத குடுவையை விட்டுவிடுவது

வைக்கோலே கொஞ்சம் சர்க்கரை விடும். ஒப்பிட அந்தக் குடுவை இல்லாவிட்டால் அதையும் நொதியின் கணக்கில் எழுதிவிடுவோம்.

எல்.பி. ஊடகத்தில் வளர்ந்ததைச் சாட்சியாகக் காட்டுவது

அந்த ஊடகத்தின் உணவான டிரிப்டோனும் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட்டும் இருக்கும்வரை ஈ.கோலை செல்லுலோஸைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

ஈ.கோலை நொதியை வெளியே விடும் என்று எண்ணுவது

அதற்கு இரண்டு சவ்வுகள். பெரும்பாலும் நொதி இடையிலேயே மாட்டிக்கொள்ளும். செத்து உடைந்த செல்களிலிருந்து கசிந்தது கூட வளையம் போடும்.

செல்லோபயோஸை மறப்பது

அது சேரச் சேர செல்லோபயோஹைட்ரோலேஸ் முடங்கும். அதைக் குளுக்கோஸாக உடைக்கும் பீட்டா குளுக்கோசிடேஸையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

ஒரே உயிரி எல்லாம் செய்யும் என்று எழுதிக்கொடுப்பது

இது நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். கிளாஸ்ட்ரிடியம் தெர்மோசெல்லம் என்ற பாக்டீரியா சுமார் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், ஆக்சிஜன் இல்லாமல், செல்லுலோசோம் என்ற நொதிக் கூட்டமைப்பை வைத்துப் படிகச் செல்லுலோஸையே கரைக்கிறது. ஆனால் 2022 ஆகஸ்டில் பானிபட்டில் தொடங்கிவைத்த இந்தியன் ஆயில் ஆலையைப் பாருங்கள். வருடத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது திட்டம். அங்கேயும் வைக்கோலை முதலில் பதப்படுத்தி இளக்கிய பிறகுதான் நொதியின் முறை வருகிறது. மாணவர்கள் எழுதும் திட்டங்களில் அந்த முதல் படிக்கு ஒரு வரிகூட இருப்பதில்லை.