10 டெசிபெல் எங்கே போகிறது? குறுக்கீட்டுமானியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈர்ப்பலை ஆசையோடு, இரு லேசர் கற்றைகளை ஒன்றுசேர்த்து மிக நுண்ணிய நீள மாற்றத்தை அளக்கும் குறுக்கீட்டுமானியைக் கற்க எங்கள் ஆய்வகத்துக்கு வரும் மாணவர்கள் ஆண்டு தவறாமல் அதே பழைய குழிகளில்தான் விழுகிறார்கள். லேசரை நேராகப் பார்க்கக் கூடாது என்பது போன்றவற்றைப் பாதுகாப்பு வகுப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒளித்திறனை ஏற்றிக்கொண்டே போவது

திறனை 4 மடங்காக்கினால் ஒளித்துகள் இரைச்சல் (ஒளித்துகள்கள் சீரற்று வந்து விழுவதால் அளவீட்டில் எழும் தடுமாற்றம்) பாதியாகும். உண்மைதான். ஆனால் அமெரிக்காவின் லைகோ போன்ற மாபெரும் ஈர்ப்பலைக் கருவியில் அதே ஒளி, தொங்கும் ஆடிகளை உதைக்கிறது. தாழ் அதிர்வெண்களில் அந்த உதையே இரைச்சல். இரண்டையும் ஒருசேரக் குறைக்கத்தான் 2023இல் தொடங்கிய நோக்குச் சுற்றுக்காக 300 மீட்டர் நீள வடிகட்டி அமைப்பையே கட்டினார்கள். நம் மேசைக் கருவியிலோ லென்ஸ் சூடேறிக் கற்றை உருக்குலையும், அவ்வளவுதான் மிச்சம்.

இழப்பை எண்ணாமல் இறுக்கத்தைக் கூட்டுவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். இறுக்கிய ஒளியை, அதாவது ஒரு பண்பில் நடுக்கத்தைக் குறைத்து அதை இன்னொரு பண்புக்குத் தள்ளிய ஒளியை, பயன்படுத்தலாம் என்று இயற்பியலாளர் கார்ல்டன் கேவ்ஸ் 1981இல் எழுதினார். லைகோவின் இரு கருவிகளிலும் 2019 முதல் அது நடைமுறை. மாணவர்களோ அந்த ஒளியை உண்டாக்கும் படிகத்தின் வெப்பநிலையைத் திருகியே மாதங்களைக் கரைக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். தொலைந்த ஒளியின் இடத்தில் வெற்றிடத்தின் சாதாரண நடுக்கம் புகுந்துவிடும். வழியில் 30 விழுக்காடு தொலைந்தால் 10 டெசிபெல் இறுக்கம் (இரைச்சலின் திறன் பத்தில் ஒன்றாவது) 4.3 டெசிபெல் ஆகிவிடும். மூலத்தில் அரும்பாடுபட்டு 15 டெசிபெல் ஆக்கினாலும் கிடைப்பது 4.9. இழப்பை 10 விழுக்காடாகக் குறைத்தால், பழைய 10 டெசிபெலிலேயே 7.2 வருகிறது!

"அண்ணா, படிகத்தை மாற்றலாமா?" என்று ஒரு மாணவர் கேட்டார். விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஒளியுணரிக்கு முன்னிருந்த லென்ஸில் சாய்வாக டார்ச் அடித்தேன்: நடுவில் தெளிவாக ஒரு கட்டைவிரல் ரேகை. அடுத்து, இரு கற்றைகளும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதைக் காட்டும் பட்டைத் தெளிவு (ஒளி, இருள் பட்டைகளின் வேறுபாடு) 95 விழுக்காடு. அவர் அதைப் பெருமையாகச் சொன்னார். அந்த எண்ணை வர்க்கப்படுத்த வேண்டும்; அங்கேயே ஏறத்தாழ 10 விழுக்காடு போய்விட்டது.

ஒவ்வொரு பாகத்துக்கும் முன்னும் பின்னும் திறன்மானியை வைத்து, எத்தனை பங்கு ஒளி கடக்கிறது என்று அளந்து, அந்தப் பங்குகளை எல்லாம் பெருக்குங்கள். அரை நாள் வேலை. அதைச் செய்யாதவருக்கு நான் படிகம் வாங்கித் தருவதில்லை.

சிதறும் ஒளி

கறுப்புத் தாள் போதாது. முறையான கற்றைத் தடுப்பு வையுங்கள்.

ஏர்கான்

காற்று நேரே மேசைமீது வீசினால் பட்டைகள் ஆடும். அதற்காக ஏர்கானை அணைத்துவிடாதீர்கள். சிங்கப்பூர் ஈரப்பதத்தில் அது வேறு தொல்லை. மேசைக்குப் பெட்டி போட்டு மூடுங்கள்.