ஷூவோடு சேர்ந்து போகும் பெயர்ப் பட்டியல்: தரவு விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆம்பூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கம் ஷூ கம்பெனியில் ஆடிட் என்றாலே ஸ்கேனருக்கு ஓய்வு கிடையாது. வருகைப் பதிவு, சம்பளச் சீட்டு, வயதுச் சான்று, பி.எஃப். எண் எல்லாம் ஐரோப்பாவில் இருந்து ஷூ வாங்கும் நிறுவனமான பையருக்கு மெயிலில் போய்விடும். சிறுவர்களை வேலைக்கு வைக்கவில்லை, கூலி ஒழுங்காகத் தருகிறோம் என்று காட்ட இது தேவைதான். ஆனால் எதை, எவ்வளவு, யாருக்கு என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

பெரிய தவறு, ஐரோப்பியத் தரவுச் சட்டம் ஐரோப்பியர்களுக்கு மட்டும்தான் என்று நினைப்பது. 2018 மே மாதம் அமலுக்கு வந்த ஜி.டி.பி.ஆர். என்ற அந்தச் சட்டம் குடியுரிமை பார்ப்பதில்லை. ஜெர்மனியில் இருக்கும் நிறுவனம் தன் தொழிலுக்காக ஒருவரின் விவரத்தைக் கையாண்டால், அவர் பேரணாம்பட்டுக்காரராக இருந்தாலும் சட்டம் பொருந்தும். தையல் பிரிவில் வேலை செய்யும் பெண், ‘என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள், ஒரு நகல் கொடுங்கள்’ என்று அந்த பையரிடமே கேட்கலாம். தப்பாக இருந்தால் திருத்தச் சொல்லலாம். பதில் சொல்லப் பொதுவாக ஒரு மாதம்தான் கெடு. போனஸைப் போல இதையும் சங்கங்கள் கையில் எடுக்கலாம் என்பேன்.

அடுத்தது, கேட்டதற்கு மேல் அள்ளிக் கொடுப்பது. ஆளை அடையாளம் காட்ட முழு ஆதார் எண் எதற்கு? கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும்படி மறைத்த ஆதாரை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். எக்செல் பட்டியலில் வீட்டு முகவரி, கணவர் பெயர், செல் நம்பர் உள்ள பத்திகளை ‘ஹைட்’ செய்து அனுப்புகிறவர்களும் உண்டு. அதை யார் வேண்டுமானாலும் இரண்டு கிளிக்கில் திறந்துவிடலாம். மறைத்தால் போதாது, அழித்துவிட்டு அனுப்புங்கள்.

நம் நாட்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு என்பதால் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய் என்பது நினைவிருக்கட்டும்.

2019இல் ஜப்பானின் ஒசாகாவில் நடந்த ஜி-20 மாநாட்டில், தரவு எல்லை தாண்டிப் போவது குறித்த பிரகடனத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. அதை வைத்து, வெளிநாட்டுக்குத் தரவே அனுப்பக்கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி இல்லை, மத்திய அரசு தடுக்கும் நாடுகளைத் தவிர மற்ற இடங்களுக்கு அனுப்ப 2023 சட்டம் இடம் தருகிறது.

ஐ.நா. பார்த்துக்கொள்ளும் என்று காத்திருப்பதும் சரியல்ல. 2024 செப்டம்பரில் ஏற்கப்பட்ட உலக டிஜிட்டல் உடன்படிக்கை, தரவு ஆளுகை பற்றிப் பேச ஒரு பணிக்குழுவை அமைக்கச் சொன்னது. வளர்ச்சிக்குத் தரவு பயன்பட வேண்டும் என்பதும் அங்கே பேச்சில் இருக்கிறது. ஆனால் அந்த உடன்படிக்கை யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது.

இப்போதைக்கு ஆர்டர் ஒப்பந்தம்தான் நம் கையில். ஆட்களின் விவரத்தை எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், வேறு யாருக்குக் கொடுப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்று அதில் ஒரு பத்தி சேர்க்கச் சொல்லுங்கள். அப்படியே ஆடிட் அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.