கிஃப்ட் கார்டும் காலாவதியும்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

அமெரிக்கா வந்து ஒரு வருடம் ஆவதற்குள் எல்லார் வீட்டு மேசை இழுப்பறையிலும் நாலைந்து கிஃப்ட் கார்டு சேர்ந்துவிடும். குழந்தையின் பிறந்தநாளுக்கு வந்தவர்கள் தந்தது, வளைகாப்புக்கு வந்தது, அலுவலகத்தில் டிசம்பர் மாதம் கொடுத்தது, ஏதோ உணவகத்தில் இலவசமாகக் கையில் திணித்தது. ஊரில் மொய்க்கவருக்கு உள்ள இடம் இங்கே இந்த அட்டைக்கு. ஆனால் கவரில் வைத்த நோட்டை எப்போது வேண்டுமானாலும் எடுத்துச் செலவழிக்கலாம். அட்டையில் இருக்கும் பணம் அப்படியே இருக்குமா என்பது அது எந்த வகை அட்டை, காசு கொடுத்து வாங்கியதா இலவசமா, நீங்கள் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

முதலில் நாடு முழுவதற்கும் பொதுவான ஃபெடரல் சட்டம். 2009இல் கிரெடிட் கார்டுகளுக்காகக் கொண்டுவந்த சீர்திருத்தச் சட்டத்திலேயே கிஃப்ட் கார்டுக்கும் விதிகளைச் சேர்த்தார்கள். அவை 2010 ஆகஸ்ட் 22 முதல் நடப்பில் உள்ளன. அதன்படி, அட்டையில் உள்ள பணம் வாங்கிய நாளிலிருந்தோ கடைசியாகப் பணம் ஏற்றிய நாளிலிருந்தோ குறைந்தது 5 ஆண்டுகள் செல்லுபடியாக வேண்டும். பயன்படுத்தாமல் கிடக்கிறது என்று கட்டணம் பிடிப்பதானால், 12 மாதம் தொடர்ந்து அட்டையைத் தொடாமல் இருந்த பிறகுதான் பிடிக்கலாம். அதுவும் மாதத்துக்கு ஒரு கட்டணம்தான், அந்தக் கட்டணம் எவ்வளவு என்று அட்டையிலேயே போட்டிருக்க வேண்டும். எவ்வளவு வரை பிடிக்கலாம் என்று இந்தச் சட்டம் உச்சவரம்பு வைக்கவில்லை. வாங்கும்போது கட்டும் ஆக்டிவேஷன் கட்டணத்தையும் இது தடுக்காது.

மாநிலச் சட்டம் இதைவிடத் தாராளமாக இருந்தால் அதுவும் சேர்ந்து கைகொடுக்கும். மாநிலச் சட்டம் கஞ்சத்தனமாக இருந்தாலும் ஃபெடரல் சட்டம் தரும் 5 ஆண்டை அது குறைக்க முடியாது.

எந்த வகை அட்டை?

ஒரு கடையிலோ அதன் கிளைகளிலோ மட்டும் செல்லும் அட்டை ஒரு வகை. டார்கெட், ஸ்டார்பக்ஸ், காஸ்ட்கோ ஷாப் கார்டு எல்லாம் இதில் வரும். விசா, மாஸ்டர்கார்டு முத்திரையோடு வங்கி வெளியிடும், எங்கும் தேய்க்கக்கூடிய அட்டை இன்னொரு வகை. புதிதாக வந்தவர்கள் இரண்டாவதுதான் வசதி என்று நினைத்து வாங்குகிறார்கள். என்னைக் கேட்டால் பரிசு கொடுக்க அதைத் தொடவே வேண்டாம். 50 டாலர் அட்டைக்கு மேற்கொண்டு நாலைந்து டாலர் ஆக்டிவேஷன் கட்டணம் அழ வேண்டும். கடை அட்டைக்குப் பெரும்பாலும் அது கிடையாது. சட்டப் பாதுகாப்பும் வங்கி அட்டைக்குக் குறைவு. கலிபோர்னியா, வாஷிங்டன் போன்ற மாநிலங்கள் காலாவதிக்கும் கட்டணத்துக்கும் போட்டிருக்கும் தடை, பல கடைகளில் செல்லும் இந்த அட்டைகளுக்குப் பொருந்தாது. ஃபெடரல் அரசின் உரிமம் பெற்ற தேசிய வங்கிகள் ஃபெடரல் சட்டத்துக்குத்தான் கட்டுப்பட்டவை என்ற வாதத்தை 2007இல் ஓர் அப்பீல் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. ஆக வங்கி அட்டைக்குப் பெரும்பாலும் அந்த 5 ஆண்டு, 12 மாத விதிகள்தான் துணை.

அப்படி ஒரு அட்டை கையில் வந்துவிட்டால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் மாதமும் வருடமும் போட்டு ஒரு தேதி இருக்கும். அது பிளாஸ்டிக் அட்டையின் ஆயுள். உள்ளே இருக்கும் பணத்துக்கு ஆயுள் வேறு. பின்னால் பொடி எழுத்தில் பணம் காலாவதி ஆகாது என்றோ, இன்ன தேதிவரை செல்லும் என்றோ எழுதியிருக்கும். தேதி கடந்த அட்டையில் பணம் இன்னும் உயிரோடு இருந்தால், பின்பக்கத்து எண்ணுக்குப் போன் செய்து புதிய அட்டை கேளுங்கள். அதற்குக் காசு வாங்கக் கூடாது. அட்டையைத் தொலைத்துவிட்டுக் கேட்டால் கட்டணம் பிடிக்கலாம், அது வேறு.

மாதக் கட்டணமும் அங்கேதான் இருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அட்டையில் 11 டாலர் மீதி, மாதக் கட்டணம் 3 டாலர் 95 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடம் தொடாமல் விட்டால் அடுத்த மூன்று மாதத்தில் அட்டை காலி. 5 ஆண்டு செல்லும் என்ற விதியில் அப்போது என்ன பயன்?

வங்கி அட்டையைச் செலவழிப்பதிலும் சில சிக்கல்கள் உண்டு. பெட்ரோல் பம்பில் நேராகச் சொருகினால் போடும் பெட்ரோலைவிடப் பெரிய தொகையை முன்கூட்டியே பிடித்து வைக்கும், அல்லது அட்டையை மறுத்துவிடும். உள்ளே போய் இத்தனை டாலருக்கு என்று சொல்லிக் கட்டுங்கள். உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தில் டிப்ஸுக்கும் சேர்த்துப் பிடித்துப் பார்ப்பார்கள், மீதி போதாவிட்டால் அட்டை செல்லாது. இணையத்தில் வாங்க வேண்டுமானால் முதலில் அட்டையின் தளத்தில் உங்கள் ஜிப் கோடைப் பதிவு செய்யுங்கள். கடைசியாக மிஞ்சும் சில்லறையை எங்கும் செலவழிக்க முடியாது என்பதால், ஏழெட்டு டாலர் இருக்கும்போதே அதை நீங்கள் வழக்கமாக வாங்கும் தளத்தில் கிஃப்ட் பேலன்ஸாக மாற்றிக்கொள்வது நல்லது. அங்கே அதற்கு மாதக் கட்டணம் வராது.

உங்கள் மாநிலம் என்ன சொல்கிறது?

கடை அட்டைகளுக்கு மாநிலச் சட்டம்தான் முக்கியம். நம் ஆட்கள் அதிகம் இருக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

கலிபோர்னியாவில் 1997 முதல் விற்ற கடை கிஃப்ட் கார்டுக்கும் பரிசுச் சான்றிதழுக்கும் (கிஃப்ட் சர்டிபிகேட்) காலாவதித் தேதியே கூடாது. கெட்டுப்போகும் உணவுப் பொருளுக்கான சான்றிதழ் போன்ற ஒன்றிரண்டு விலக்குகள் உண்டு. கட்டணமும் பிடிக்கக் கூடாது. 5 டாலரோ அதற்குக் குறைவாகவோ மீதி வைத்து 24 மாதம் தொடாமல் போட்ட, மறுபடி பணம் ஏற்றக்கூடிய அட்டையில் மட்டும் மாதம் 1 டாலர் எடுக்க இடம் இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தின் சட்டமும் கிட்டத்தட்ட இதே அச்சு.

நியூயார்க் 2022 டிசம்பர் முதல் கறாராகிவிட்டது. அதற்குப் பிறகு விற்ற அட்டை குறைந்தது 9 ஆண்டு செல்ல வேண்டும். மாசசூசெட்ஸில் 7 ஆண்டு, தேதி எதுவும் போடாமல் விற்றிருந்தால் காலாவதியே இல்லை. கனெக்டிகட்டிலும் ஃபுளோரிடாவிலும் காலாவதிக்குத் தடை இருக்கிறது. இல்லினாய்ஸ் 5 ஆண்டோடு நிற்கிறது, ஆனால் விற்ற பிறகு எந்தக் கட்டணமும் பிடிக்கக் கூடாது என்கிறது. எனக்கு அந்த இரண்டாவது விதிதான் பெரிதாகத் தெரிகிறது. டெக்சஸில் கடைக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பலதும் செல்லும். அங்கே இருப்பவர்கள் ஃபெடரல் சட்டத்தையே பெரும்பாலும் நம்பியிருக்க வேண்டும்.

மீதியைக் காசாகக் கேட்பது

அமெரிக்காவில் பல வருடம் இருப்பவர்களுக்கே தெரியாத உரிமை இது. சில மாநிலங்களில், அட்டையில் கொஞ்சம் மிஞ்சினால் அதைக் கடையிலேயே ரொக்கமாகக் கேட்டு வாங்கலாம். கலிபோர்னியாவில் 10 டாலருக்குக் குறைவான மீதியைத் தரச் சட்டப்படி கடமை உண்டு, 2026 ஏப்ரல் முதல் அந்த வரம்பு 15 டாலர். நியூஜெர்சி, நியூயார்க், வாஷிங்டனில் 5 டாலருக்குக் கீழே இருக்க வேண்டும். கொலராடோவில் சரியாக 5 டாலர் இருந்தாலும் கேட்கலாம். டெக்சஸில் இரண்டரை டாலருக்குக் கீழே. கனெக்டிகட்டில் 3 டாலருக்குக் கீழே, ஆனால் வாங்கிய ரசீதைக் காட்ட வேண்டும். மாசசூசெட்ஸ் வேறு வழியில் கணக்குப் போடுகிறது: அட்டையின் மதிப்பில் 90 சதவீதத்தைச் செலவழித்துவிட்டால் மிச்சத்தைக் காசாகக் கேட்கலாம். அதாவது 100 டாலர் அட்டை என்றால் கடைசி 10 டாலர் ரொக்கமாகக் கைக்கு வரும்.

கவுன்ட்டரில் ‘கேன் யூ கேஷ் திஸ் அவுட்?’ என்றால் போதும். கல்லாவில் நிற்கும் பையனுக்கோ பெண்ணுக்கோ இந்தச் சட்டம் தெரியாமல் இருப்பது சகஜம், பகுதிநேர வேலைக்கு வந்த கல்லூரிப் பிள்ளைகள். சான் ஹோசேயில் ஒரு காபிக் கடையில் நான் கேட்டபோது அந்தப் பெண் ‘அப்படியெல்லாம் முடியாது’ என்று அடித்துச் சொன்னாள். மேனேஜரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வந்து அட்டையைத் தேய்த்து, திரையில் இரண்டு இடத்தில் தொட்டார். கல்லாப்பெட்டி திறந்தது, 6 டாலர் 35 சென்ட் கைக்கு வந்தது, என்னைவிட அந்தப் பெண்ணுக்குத்தான் ஆச்சரியம். வரிசையில் பின்னால் ஆள் நிற்கிறார்களே என்று கூச்சப்பட வேண்டாம், உங்கள் பணம்தான். மேனேஜரும் மறுத்தால் மாநில அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் இணையம் வழியாகவே புகார் எழுதலாம். வேறு மாநிலத்துக்கு வேலை மாறிப் போகிறீர்கள் என்றால், சாமான் கட்டும் முன்பே இந்தச் சில்லறையை எல்லாம் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

இலவசமாக வந்ததும், காகிதத்தில் வந்ததும்

நவம்பர், டிசம்பரில் உணவகங்கள் 50 டாலருக்குக் கிஃப்ட் கார்டு வாங்கினால் 10 டாலர் போனஸ் கார்டு என்று விற்கும். 50 டாலர் அட்டைக்குச் சட்டப் பாதுகாப்பு முழுசாக உண்டு. அந்த 10 டாலருக்கு நீங்கள் காசு கொடுக்கவில்லை, அது விளம்பரச் சலுகை. 5 ஆண்டு விதி அதைத் தொடாது. ஜனவரி முதல் தேதிக்குப் பிறகுதான் செல்லும், பிப்ரவரியோடு முடியும் என்றெல்லாம் போட்டிருப்பார்கள், அது சட்டப்படி சரிதான். துணிக்கடைகள் பில்லோடு தரும் ‘கேஷ்’ கூப்பனும் இதே வகை. இரண்டும் ஒரே நிறத்தில் ஒரே உறையில் வருவதால்தான் குழப்பம்.

நம் ஊர்க்கார உணவகங்களும் நகைக்கடைகளும் சில சமயம் கையெழுத்துப் போட்ட காகிதச் சான்றிதழ் கொடுக்கின்றன. வெறும் காகிதமாக மட்டும் வெளியிடுபவை ஃபெடரல் விதிக்குள் வராது. அங்கே மாநிலச் சட்டம் ஒன்றே துணை. நான் அப்படிப்பட்டதை வாங்கிய மாதமே சாப்பிட்டுத் தீர்த்துவிடுவேன்.

அலுவலகத்தில் தரும் அட்டை இன்னொரு வகை ஆச்சரியம். 25 டாலர்தானே என்று நினைப்பீர்கள். வரித்துறைக் கணக்கில் கிஃப்ட் கார்டு ரொக்கத்துக்குச் சமம், தொகை எவ்வளவு சிறியதானாலும் அது சம்பளம். சம்பளச் சீட்டில் அது கூடுதல் வருமானமாக ஏறி வரி பிடித்திருந்தால் பயப்பட வேண்டாம், தவறு ஏதும் நடக்கவில்லை.

சட்டம் காப்பாற்றாத இடங்கள்

கடை திவாலானால் இந்த விதிகள் எல்லாம் காற்றில் போகும். வீட்டுச் சாமான் விற்ற பெட் பாத் அண்ட் பியாண்ட் 2023 ஏப்ரல் 23 அன்று திவால் மனு போட்டது. அதன் கிஃப்ட் கார்டுகளை மே 8 வரைதான் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு வாரம். காலாவதி இல்லாத அட்டை வைத்திருந்தவரும் அதற்குப் பிறகு கடைக்குக் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் பின்னால் நிற்க வேண்டியதுதான். ஒரு கடை கிளைகளை மூடுகிறது என்று செய்தி வந்தால் அந்த வாரமே போய்ச் செலவழித்துவிடுங்கள்.

இன்னொன்று மோசடி, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். வரித்துறையிலிருந்து பேசுகிறோம், குடியேற்றத் துறையிலிருந்து பேசுகிறோம், உங்கள் விசாவில் பிரச்சினை, உடனே பணம் கட்டாவிட்டால் நாடு கடத்துவோம் என்று போன் வரும். கடைக்குப் போய்க் கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைப் படிக்கச் சொல்வார்கள். அமெரிக்காவில் எந்த அரசு அலுவலகமும் கிஃப்ட் கார்டில் பணம் வாங்காது. போனை வைத்துவிடுங்கள். ஏற்கனவே எண்ணைச் சொல்லியிருந்தால், அட்டையையும் ரசீதையும் தூக்கிப் போடாமல் உடனே அட்டை நிறுவனத்தை அழையுங்கள். பணம் இன்னும் உள்ளே இருந்தால் முடக்க வாய்ப்பு உண்டு. அப்புறம் நுகர்வோர் மோசடிகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனில் புகார் பதியுங்கள்.

கடையில் தொங்கும் அட்டைகளிலும் திருட்டு உண்டு. ரகசிய எண்ணின் மேல் இருக்கும் பட்டையைச் சுரண்டிக் குறித்துக்கொண்டு, மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டித் திரும்ப மாட்டிவிடுவார்கள். நீங்கள் காசு கட்டி உயிர் கொடுத்ததும் அங்கே பணம் காலி. மேரிலாந்து 2024இல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டு, பிரித்தால் தெரிகிற உறையில்தான் அட்டைகளை விற்க வேண்டும் என்றது. மற்ற இடங்களில் உறையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள். ரசீதைப் பணம் தீரும்வரை வைத்திருங்கள்.

கொடுக்கும்போதும் சில வரம்புகள் உண்டு. மே முதல் வாரம் ஆசிரியர் பாராட்டு வாரம், வகுப்புப் பெற்றோர்கள் கிஃப்ட் கார்டுக்குக் காசு சேர்ப்பார்கள். மாசசூசெட்ஸில் அரசுப் பள்ளி ஆசிரியருக்குத் தனியாக 50 டாலர் அட்டை கொடுத்தால் அவருக்குத்தான் சிக்கல், அதற்குக் குறைவாகக் கொடுங்கள். தபால்காரருக்கு டிசம்பரில் ஏதாவது தரத் தோன்றினால், 20 டாலருக்கு மேல் போகாத கடை அட்டையாகத் தரலாம். ரொக்கமும், ரொக்கம் போல எங்கும் செல்லும் விசா அட்டையும் அவர் வாங்கக் கூடாது. ஊரில் இருக்கும் தம்பி தங்கைக்கு அனுப்புவதானால் இங்கே அமேசான் டாட் காமில் வாங்கிய அட்டை இந்தியத் தளத்தில் ஏறாது. அமேசான் டாட் இன்னுக்குப் போய் ரூபாயில் வாங்கி அனுப்புங்கள்.